காக்கை தானே போபாலுக்குப் பறக்குமா?

(விருத்தாசலத்தில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: 'பெருந்தொற்றிலிருந்து நம்மைக் காக்கப் போவது அறிவியல் கருவிகளே! மக்களின் விழிப்பே!' இரண்டாவது அணியில் பேசிய ஆசிரியை ஒருவரின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணியிலே பெரிய பெரிய கருவிகளின் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற அறிஞர் பெருமக்களே, என் அணித் தோழர்களே, பழமலைநாதர் ஊரின் பெரியோர்களே, டி.வி.க்கு முன்னால காபி டம்ளரோட உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

இந்த ஊர்க் கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும். இங்கே எல்லாமே அஞ்சு. கோபுரம் அஞ்சு, பிராகாரம் அஞ்சு, தீர்த்தம் அஞ்சு, நந்தி அஞ்சு, தேர் அஞ்சு. இன்னிக்கு நாம பேச வந்திருக்கிற பறவைக் காய்ச்சல் கிருமிக்கு என்ன பேரு? எச்5என்1. அதிலேயும் ஒரு அஞ்சு வந்து ஒட்டிக்கிச்சு! (சிரிப்பு) எதிரணித் தலைவர் என்ன சொன்னாரு? "எங்ககிட்ட ஆய்வுக்கூடம் இருக்கு, தடுப்பூசி இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, அதனாலே அஞ்சாதே" என்றார். நான் சொல்றேன், கொஞ்சம் அஞ்சுங்க. அப்பத்தான் கண்ணு திறக்கும். (கைதட்டல்)

அவர் போபால் ஆய்வுக்கூடத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். நியாயம்தான். நம்ம நாட்டிலே எங்கே பறவைக் காய்ச்சல் சந்தேகம் வந்தாலும் மாதிரி அங்கேதான் போகுது. உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம். அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு சின்னக் கேள்வி கேட்கிறேன் அய்யா. திருமுட்டம் பக்கத்திலே ஒரு புளியமரத்தடியிலே காக்கா ஒண்ணு செத்துக் கிடக்குன்னு வைங்க. அந்தக் காக்கா தானா எழுந்து, விருத்தாசலம் ஜங்ஷனுக்கு வந்து, ரயில் ஏறி போபாலுக்குப் போகுமா? (பலத்த சிரிப்பு) யாராவது ஒருத்தர் பார்க்கணும். பார்த்தவர் சொல்லணும். கேட்டவர் வந்து எடுக்கணும். அதுக்கு அப்புறம்தானே அய்யா உங்க கருவிக்கு வேலை?

இது பீங்கான் ஊரு. கொலு பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை, டீ கப்பு என்று சூளையிலிருந்து இறங்காத சாமான் இல்லை. இங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கேன். சூளையிலிருந்து வந்த கப்பை ஒரு கையிலே தொங்க விட்டு, இன்னொரு விரலாலே ஒரு சுண்டு. 'டிங்'னு கேட்டா நல்ல சரக்கு. 'டொக்'னு கேட்டா உள்ளே கீறல். கண்ணுக்குத் தெரியாத கீறல், காதுக்குத் தெரியுது. செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியிலே கருவி இருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஆனா ஆயிரம் கப்பையும் அந்தக் கருவியிலே வைக்க முடியுமா? சுண்டிப் பார்க்கிற விரல் முதல்லே ஒதுக்கணும், அப்புறம்தான் கருவி.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பறவைக்கு வர்ற காய்ச்சல் பறவையோட போகாதா, நாம ஏன் கவலைப்படணும்னு சில பேர் நினைப்பீங்க. அந்தக் கிருமியின் மேலே முள்ளு முள்ளா இரண்டு புரதம் ஒட்டிக்கிட்டிருக்கு. ஒண்ணு எச், இன்னொண்ணு என். இந்த எச்தான் சாவி. நம்ம உடம்பு அணுக்களின் மேலே பூட்டு இருக்கு. பறவைப் பூட்டுக்குச் செஞ்ச சாவி, மனுஷனின் மூக்கு, தொண்டைப் பூட்டிலே சரியாகச் சேராது. நெஞ்சுக்குள்ளே ஆழத்திலே, நுரையீரல்லே, பறவைப் பூட்டு மாதிரி சிலது உண்டு. அதனாலேதான் இது மனுஷனுக்குச் சுலபமா வர்றதில்லை, வந்தா விடறதில்லை. 1997இல் ஹாங்காங்கிலே 18 பேருக்கு வந்தது, 6 பேர் போயிட்டாங்க. 2003க்குப் பிறகு உலகம் முழுக்கக் கணக்கிலே வந்தவங்க ஏறக்குறைய ஆயிரம் பேர். அதிலே பாதிக்குப் பாதி உயிர் போயிருக்கு. லேசா வந்து தானா போனது கணக்கிலே வந்திருக்காது என்பதும் உண்மை. மனுஷனுக்கு மனுஷன் தொடர்ந்து பரவுற வித்தையை இது இதுவரைக்கும் கத்துக்கலை.

கத்துக்குமா? அங்கேதான் விலங்குகள் வருது. பறவையிலிருந்து நம்மகிட்டே வர்றது ஒரே தாவலிலே மாடிக்குத் தாவுற மாதிரி. கஷ்டம். ஆனா பூனை, புலி, நரி, சீல், பசு எல்லாம் நம்மை மாதிரி பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற சாதி. அதுங்க உடம்பிலே போய் இந்தக் கிருமி குடித்தனம் பண்ணினா, சாவியை ராவி ராவிப் பார்க்க அதுக்கு ஒரு பட்டறை கிடைச்ச மாதிரி. மாடிக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்த மாதிரி.

அந்தப் படிக்கட்டு இப்போ எங்கெல்லாம் இருக்கு? 2023இல் அர்ஜென்டினா கடற்கரையிலே யானைச் சீல் என்கிற பெரிய கடல் விலங்கு, பதினேழாயிரத்துக்கு மேலே செத்து ஒதுங்கிச்சு. பெரும்பாலும் அந்த வருஷம் பிறந்த குட்டிகள். அது தூரம், விடுங்க. நம்ம நாட்டுக்கு வாங்க. 2024 டிசம்பர் கடைசி. நாக்பூரிலே கோரேவாடா மீட்பு மையம். மூணு புலி, ஒரு சிறுத்தை வரிசையா செத்துப்போச்சு. மாதிரி போபாலுக்குப் போச்சு. வந்த பதில்: எச்5என்1. கோழிக்கறி மூலமா வந்திருக்கலாம்னு சந்தேகப்பட்டாங்க. 2025 மே மாதம் கோரக்பூர் உயிரியல் பூங்காவிலே ஒரு பெண்புலி, அதே நோய். காட்டுக்கே ராஜா, ஆளைப் பார்த்தா உறுமுற ஜாதி, ஒரு துண்டு கோழிக்கு விழுந்துபோச்சு! எங்க வீட்டிலேயும் ஒருத்தர் இருக்கார், கோழின்னா விழுந்துடுவார். அது வேற விஷயம். (சிரிப்பு)

இது புதுசும் இல்லை. 2004லேயே தாய்லாந்திலே ஒரு புலிப் பூங்காவிலே 441 புலிகள் இருந்தது. பச்சைக் கோழியைத் தின்னு நோய் வந்து, செத்ததும் வேற வழியில்லாமல் கொல்லப்பட்டதும் சேர்த்து 147. இருபது வருஷம் கழிச்சு அதே பாடத்தை நாக்பூரிலே படிக்கிறோம். கருவி கூடிக்கிட்டேதான் இருக்கு அய்யா. பார்க்கிற கண்ணு கூடினதா?

எதிரணி அம்மா ஒருத்தர் "அமெரிக்காவைப் பாருங்கள்" என்றார். பார்ப்போம். அமெரிக்காவை விடக் கருவி யாருகிட்டே அதிகம்? 2024 தொடக்கத்திலே டெக்சாஸ் மாநிலத்திலே பால் பண்ணை மாடுகள் திடீர்னு தீனியைக் குறைச்சது. பால் குறைஞ்சது. கறந்த பால் சீம்பால் மாதிரி மஞ்சளாகக் கெட்டியா வந்தது. வழக்கமான பரிசோதனை எல்லாம் பண்ணிப் பார்த்தாங்க. ஒண்ணும் அகப்படலை. மாட்டுக்குப் பறவைக் காய்ச்சல் வரும்னு யார் நினைப்பாங்க? அப்போ பண்ணைக்காரங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. பண்ணையிலே திரிகிற பூனைங்க சாகுது. அந்த மாட்டோட பச்சைப் பாலை நக்கிக் குடிச்ச பூனைங்க. ஒரு பண்ணையிலே இருபத்துச் சொச்சம் பூனையிலே பாதிக்கு மேலே போச்சு. பக்கத்திலே சில பறவைகளும் செத்துக் கிடந்தது. இதைக் கேட்ட ஒரு கால்நடை மருத்துவர் சும்மா இருக்கலை. பாலையும் பூனை உடலையும் அயோவா மாநிலத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். மார்ச் 25ஆம் தேதி அரசாங்கமே அறிவிச்சது: மாட்டின் மடிக்குள்ளே பறவைக் காய்ச்சல்!

யோசிச்சுப் பாருங்க. கோடி கோடியா டாலர் போட்ட நாட்டிலே, துப்புக் கொடுத்தது யாரு? பூனை! அந்தப் பூனை சாகுறதைக் கண்ணிலே வாங்கி, வாயிலே சொன்னவன் ஒரு பண்ணையாள். (கைதட்டல்) அதுக்குள்ளே காலம் கொஞ்சம் கடந்துபோச்சு. மாட்டை லாரியிலே ஏத்தி மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பியாச்சு. ஆயிரத்துக்கு மேற்பட்ட மந்தைகளுக்குப் பரவிச்சு. பண்ணை ஆட்கள், கோழி அழிக்கப் போன ஆட்கள்னு எழுபது பேருக்கு வந்தது. பெரும்பாலும் கண் சிவந்து லேசா போச்சு. எல்லோருக்கும் லேசா போகலை. 2025 ஜனவரியிலே லூசியானாவிலே ஒருத்தர் இறந்தார், அவருக்கு வந்தது பறவைகளிடமிருந்து. ஒரு விஷயத்திலே நாம பொழச்சோம். நாம பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். அந்தக் கொதியிலே இந்தக் கிருமி நிற்காது.

'இதெல்லாம் வெளிநாட்டுக் கதை'ன்னு எதிரணி நண்பர் தலையை ஆட்டுறார். சரி, பக்கத்து மாநிலத்துக் கதை சொல்றேன். 1957ஆம் வருஷம் மைசூர் ராஜ்யத்திலே சிமோகா ஜில்லா, கியாசனூர் காடு. விறகு பொறுக்கப் போன சனங்க, மாடு மேய்க்கப் போன சனங்க என்ன சொன்னாங்க? 'காட்டிலே குரங்கு செத்து செத்து விழுது'ன்னாங்க. கூடவே ஊரிலே காய்ச்சல். அந்தக் குரங்குச் சாவைத் துரத்திக்கிட்டுப் போய்த்தான் புனாவிலிருந்து வந்த விஞ்ஞானிகள் உண்ணி மூலமாப் பரவுற ஒரு புது வைரசைப் பிடிச்சாங்க. இன்னிக்கும் அந்தப் பகுதியிலே குரங்கு செத்தா சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லணும். குரங்குச் சாவுதான் அங்கே அபாய மணி. அந்த மணியை அடிச்சது விறகு பொறுக்கப் போன சனம்தான் அய்யா.

நாம மட்டும்தான் விலங்குகிட்டேயிருந்து வாங்கிக்கிறோம்னு இல்லை, கொடுக்கவும் செய்யறோம். 2021இல் வண்டலூரிலே நீலா என்கிற பெண்சிங்கம் செத்தது. போபால் ஆய்வுக்கூடம் சொன்னது, சிங்கங்களுக்குக் கொரோனா என்று. சிங்கம் என்ன கடைத்தெருவுக்கா போச்சு? நம்ம சாதிதான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கு. காடு, வீடுன்னு நாமதான் கோடு போட்டு வச்சிருக்கோம். கிருமி அந்தக் கோட்டைப் பார்க்கிறதில்லை.

இப்போ நம்ம வீட்டுக்கே வர்றேன். கிராமத்திலே ஒரு வார்த்தை உண்டு, 'கோழி தூங்குது'ன்னு. இறக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, மூலையிலே நிக்கும். உடனே எங்க ஆயா என்ன பண்ணும்? மருந்து வாங்குமா? மசாலா அரைக்கும்! (பலத்த சிரிப்பு) செத்தா நஷ்டம், அடிச்சா குழம்பு. நம்ம ஊரிலே மாப்பிள்ளை வந்திருக்கார்னு கோழி அடிக்கிறதா மாப்பிள்ளைங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க. கோழி தூங்குச்சுன்னு மாப்பிள்ளையைக் கூப்பிட்டது மாமியாருக்குத்தான் தெரியும்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

சிரிச்சீங்க. நானும் சிரிக்கிறேன். ஆனா அந்தச் சிரிப்புக்குள்ளேதான் நம்ம நாட்டு ஆயத்தம் முழுக்க அடங்கியிருக்கு. தூங்குற கோழி பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சல்தான். அது மனுஷனைக் கொல்லாது. அதனாலே காலங்காலமா நாம அறுத்துச் சாப்பிட்டுப் பொழச்சோம். நல்லா வெந்த கறியிலே பறவைக் காய்ச்சல் கிருமியும் இருக்காது, 70 டிகிரி சூட்டிலே செத்துடும். ஆபத்து சாப்பிடுறதிலே இல்லை. அறுக்கிறதிலே, இறகு பிடுங்குறதிலே, குடலை எடுத்துப் பூனைக்குப் போடுறதிலே. அந்த வேலையை எல்லாம் செய்யறது யாரு? நம்ம வீட்டுப் பெண்கள். பக்கத்திலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது குழந்தை. 2025 மார்ச்சிலே ஆந்திராவிலே நரசராவ்பேட்டையிலே இரண்டு வயசுக் குழந்தை ஒண்ணு இந்த நோயிலே போயிடுச்சு. கறி வெட்டும்போது ஒரு துண்டைப் பச்சையா வாயிலே போட்டுக்கிச்சுன்னு செய்தி வந்தது. அதே கறியை வேகவச்சுச் சாப்பிட்ட வீட்டு ஆட்களுக்கு ஒண்ணும் இல்லை. (அரங்கில் அமைதி)

எந்தக் கருவி அய்யா அந்த அடுப்பங்கரையிலே உட்கார்ந்திருக்கும்?

அதுக்காக, எங்க அணி பேசுறது ஏதோ 'எல்லோரும் விழிச்சிருங்க'ன்னு ஊருக்கு உபதேசம் பண்ணிட்டுப் போற பேச்சு இல்லை. விழிப்புக்கு ஒரு விலை இருக்கு. அதை நான் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. பத்துக் கோழி வச்சிருக்கிற ஒரு அம்மா. நாலு கோழி ஒரே நாளிலே செத்துப்போச்சு. அவங்க கால்நடை மருத்துவருக்குச் சொல்றாங்க. மாதிரி போகுது. எச்5என்1னு வந்துட்டா என்ன ஆகும்? சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ளே இருக்கிற கோழி, வாத்து எல்லாத்தையும் அழிக்கணும். பத்து கிலோமீட்டருக்குக் கண்காணிப்பு. அவங்க கோழி மட்டும் போகாது; எதிர் வீட்டு வாத்தும் போகும், பின் தெருப் பண்ணையும் போகும். தெருவே அவங்களைத்தானே ஏசும்? 'உன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன?'ன்னு கேட்கும். அழிக்கிற கோழிக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதின்னு இழப்பீடு இருக்கு. அந்தப் பணம் சட்டுனு கைக்கு வந்தா அடுத்த ஊரிலே அடுத்த அம்மா வாயைத் திறப்பாங்க. ஆறு மாசம் இழுத்தா, அடுத்த அம்மா ராத்திரியோட ராத்திரியா குளத்தோரம் வீசிட்டுப் பேசாம இருப்பாங்க. அந்தக் குளத்துக்கு நாய் வரும், நரி வரும், பூனை வரும். படிக்கட்டு நாமே கட்டிக் கொடுத்ததா ஆகும். அதனாலே நான் கேட்கிறேன், நோய் வர்றதுக்கு முன்னாடியே கிராம சபையிலே இதைப் பேசி முடிவு பண்ணினா என்ன? சொன்ன வீட்டை யாரும் ஏசக் கூடாது, இழப்பீட்டு மனுவை எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கணும்னு ஒரு தீர்மானம். ஒரு செங்கல் செலவு இல்லை. (கைதட்டல்)

நம்ம மாவட்டத்துக்கு இது புரியாததா? 2020 மே மாதம். கோயம்பேடு மார்க்கெட்டிலே மூட்டை தூக்கினவங்க லாரியிலே ஏறி ஊர் திரும்பினாங்க. கடலூர் மாவட்டத்திலே ஒரே நாளிலே நூறு பேருக்கு மேலே கொரோனா. அப்போ எந்தத் தெருவிலே யார் வந்து இறங்கினாங்கன்னு எந்தச் செயற்கைக்கோளும் சொல்லலை. கிராம செவிலியரும் தலையாரியும் பக்கத்து வீட்டு ஆயாவும்தான் சொன்னாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. விழிப்பு வேற, பீதி வேற. 2006இல் மகாராஷ்டிராவிலே நவாபூர்லே முதல் முதலா பறவைக் காய்ச்சல் வந்தப்போ, நாமக்கல்லிலே ஒரு கோழிக்கும் நோய் இல்லை. ஆனா முட்டை விலை விழுந்தது, பண்ணைக்காரர் தலையிலே துண்டு விழுந்தது. 2020 தொடக்கத்திலே கோழி தின்னா கொரோனா வரும்னு எவனோ கிளப்பிவிட்டான், கறிக்கடை ஈயாடிச்சு. இங்கே நான் எதிரணிக்கு ஒரு மார்க் போட்டுடறேன். பீதியை அடக்குறது ஆய்வுக்கூடத்தின் ஒரு காகிதம்தான். 'இல்லை'ன்னு அது எழுதிக் கொடுத்தா ஊர் தூங்கும். ஆனா அந்தக் காகிதம் வர்றதுக்கும் மாதிரி போகணுமே! மறுபடியும் புளியமரத்தடிக்கே வந்துட்டோம். (சிரிப்பு)

நடுவர் அய்யா மணி மேலே கை வச்சுட்டார். ஒரே நிமிஷம் அய்யா. இன்னும் கொஞ்ச நாளிலே ஐப்பசி மழை. வீராணம் ஏரிக்குத் தூர தேசத்துப் பறவை வரும். கூந்தன்குளத்துக்கு இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்து வரும். அந்த இனம்தான் 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியிலே ஆயிரக்கணக்கிலே செத்தது. வர்ற விருந்தாளியை விரட்டச் சொல்லலை. அதுங்க பாவம், நோயாளிங்கதான், குற்றவாளி இல்லை. மொட்டை மாடியிலே காக்கா ரெண்டு மூணு சேர்ந்து செத்துக் கிடந்தா, ஏரிக்கரையிலே கொக்கு விழுந்து கிடந்தா, வெறுங்கையாலே தொடாதீங்க. குழந்தையையும் பூனையையும் உள்ளே பிடிச்சு வையுங்க. வீட்டிலே கோழி ஒண்ணு தூங்கினா சரி. நாலு சேர்ந்து தூங்கினா மசாலாவை அம்மியிலேயே விட்டுட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க. போன் நம்பர் 1962. ஆம்புலன்ஸ் வண்டி வரும்.

தீர்ப்பு எங்க பக்கம் வந்தா சந்தோஷம். வராவிட்டாலும், டி.வி.க்கு முன்னால இருக்கிற அம்மா... அந்த நம்பரைக் காலண்டர்லே எழுதிக்கிட்டீங்களா? 1962.

(நீண்ட கைதட்டல்)